கவுண்டருக்கு எதிர்ப்பக்கப் படிப்பு

போன புதன்கிழமை கலஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் தரம் இரண்டு வகுப்பறையில், ஏழு வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டிக் கதிரை ஒன்றில், முழங்கால் இரண்டும் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குள் ஓர் எண்ணம் உண்டு. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியாததா என்ன? அந்த எண்ணம் அங்கே அரை மணி நேரத்தில் காலியாகிவிட்டது.

யாரிடம் தோற்றேன் என்கிறீர்களா? முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண்பிள்ளையிடம்!

தோற்ற சந்தோஷத்தில், திரும்பி வரும் பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். தனியாகச் சிரிக்கிற பெண்மணிக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. என் பக்கத்து சீட் மட்டும் பேராதனை வரைக்கும் காலியாகவே வந்தது. இன்னமும் சிரிப்பு அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர் யதுஷா. என் தங்கை ஜெயாவின் ஒரே மகள்.

ஜெயா கலஹா பஜாரில் ஒரு 'கொமினிகேஷன்' வைத்திருக்கிறாள். ஒரு காலத்தில் டெலிபோன் பேசப் போன கடை. இன்றைக்கு டெலிபோனைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிற கடை. ஃபோட்டோ கொப்பி, லெமினேட்டிங்... எல்லாவற்றுக்கும் மேலாக, போம் நிரப்புவது. அடையாள அட்டைக்கு, பிறப்புப் பத்திரத்துக்கு, சேமலாப நிதிக்கு என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் 'ஜெயாக்கா எழுதினாத்தான் கவர்மெண்ட் கந்தோர்ல திருப்பி அனுப்ப மாட்டாங்க' என்று அவளைத் தேடித்தான் வருவார்கள். குண்டு குண்டான கையெழுத்து. வைத்தியசாலைத் துண்டுகளை எழுதுகிறவர்கள் ஜெயாவிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு வரலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊருக்கே எழுதிக்கொடுக்கிற ஜெயாவின் மகளுக்கு, இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் வாசிக்க வரவில்லை.

"பாத்து எழுதச் சொன்னா அச்சு மாதிரி எழுதுறாக்கா" என்று ஜெயா போனில் புலம்பினாள். "அதையே வாசிடின்னா வாயத் தொறக்க மாட்டேங்குறா. டீச்சர் புதன்கெழம வரச் சொல்லியிருக்காங்க. வாசிப்புப் பாடத்துக்கு மட்டும் இனிமே ஒண்ணாம் வகுப்புல போய் உக்காரணுமாம்."

"உக்காரட்டுமே... ஒரு தவணைதானே?"

"நீ ஈஸியா சொல்லிடுவ! ஒண்ணாம் வகுப்புல இருக்குற கீழ்வீட்டு கிரிஷானுக்கு இவதான் தெனமும் சப்பாத்துக் கயிறு கட்டிவிடுறா. 'அவன் பக்கத்துல போய் உக்காரச் சொன்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்'னு ரெண்டு நாளா சோறு திங்கலக்கா." பிறகு குரல் உடைந்தது. "எங்கிட்ட போம் எழுத வர்றவங்க மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது? சொந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கத் துப்பில்லாதவன்னு சொல்ல மாட்டாங்க?"

"அழாதடி. நானும் வர்றேன். நான் பேசிக்கிறேன்" என்றேன்.

என்ன தைரியம் பாருங்கள்! நியாயமாகப் பார்த்தால் எனக்கு அந்த விஷயத்தில் வாயே இருக்கக் கூடாது. ஏனென்றால் ஏப்ரல் லீவில் யதுவை ஒரு வாரம் கண்டியில் என் வீட்டில் வைத்துக்கொண்டு, 'ஏழே நாளில் வாசிக்க வைக்கிறேன் பார்' என்று சவால் விட்டு, மண்ணைக் கவ்வியவள் நான்.

முதல் நாள் ராத்திரியே மட்டைகளை வெட்டி, பெரிய எழுத்தில் எழுதி, வீடு முழுக்க ஒட்டிவிட்டேன். கதவில் 'கதவு'. ஜன்னலில் 'ஜன்னல்'. அலுமாரியில் 'அலுமாரி'. கண்ணில் படப் படப் பிள்ளைக்குத் தானாகவே மனதில் பதிந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். எங்கே என்று கேட்காதீர்கள், போனில்தான்.

காலையில் எழுந்து பார்த்தால், யதுவின் கைக்கு எட்டுகிற உயரத்திலிருந்த மட்டைகள் எல்லாம் தலைகீழ்! பிய்த்து எடுத்து, திருப்பி ஒட்டியிருந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "என்னா சேட்ட இது?" என்று அதட்டினேன். "இப்பத்தான் பெரியம்மா நல்லா இருக்கு" என்றாள். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நிமிர்த்தி ஒட்டினேன். மறுநாள் காலை... மறுபடியும் தலைகீழ். 'அலுமாரி' மட்டை மட்டும் அதன் இடத்தில் இல்லை. தேடு தேடென்று தேடினேன். பாண் வாங்கப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரரின் முதுகில் இருந்தது. பாவம் மனிதர், அப்படியே தெருமுனைக் கடை வரைக்கும் போய் வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தில் மாட்டுப் படம். கீழே நான்கு வரி. யது படத்தைப் பார்த்தாள். ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள். அந்த மாட்டுக்குப் பெயர் சுகந்தி. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தெல்தோட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறது. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்... கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நான்கு வரியிலும் சுகந்தியும் இல்லை, தெல்தோட்டையும் இல்லை.

"படத்தை விடு. எழுத்தைப் பார்" என்றேன். மெதுவாகப் புத்தகத்தைத் திருப்பப் போனாள். நான் அதட்டி நேராக வைத்தேன். மறுபடி திருப்பினாள். மறுபடி நேராக வைத்தேன். அந்த வாரத்தில் எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போது என் கையை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

மந்தமான பிள்ளை என்று மட்டும் சொல்லவே முடியாது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "பெரியம்மா, 'கெ'வுல கொம்பு முன்னால நிக்குதுல்ல? ஆனா 'க்' சத்தம்தானே மொதல்ல வருது? அந்தக் கொம்பு மட்டும் எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால வந்து நிக்குது?"

ஐம்பது வருஷமாகத் தமிழ் எழுதுகிறேன். ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்கிறதா இது? "அது அப்படித்தான், சோத்தத் தின்னு" என்றேன். பதில் தெரியாத பெரியவர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தானே?

ஆக, இந்தப் பெருமைகளை எல்லாம் சுமந்துகொண்டு புதன்கிழமை காலை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ் ஏறினேன்.

ஜெயா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு ஃபைல். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பாலர் பாடசாலைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டு ஃபோட்டோ கொப்பி. கந்தோர் பழக்கம் எங்கே போகும்? யது சீருடையில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா... ஒண்ணாம் வகுப்புக் கதிரை எல்லாம் ரொம்பக் குட்டி. எனக்குக் கால் மடங்காது. டீச்சர்கிட்ட அதச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

ரிஸ்வானா டீச்சரைப் பார்ப்பதற்கு முன்னால், மனதுக்குள் பிரம்பும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் ஆளைச் செய்து வைத்துச் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். பார்த்தால், இன்னும் முப்பதைத் தொடாத பெண். கலகெதரப் பக்கத்து ஆள், பேச்சில் 'இருக்கு' எல்லாம் 'ஈக்கி'தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க, இரிங்க இரிங்க. கதிர சின்னன், கொஞ்சம் பாத்து இரிங்க."

நான் இருந்தேன். முழங்கால் நாடியில் இடித்தது. கால் மடங்காது என்று யது சொன்னதில் பொய்யே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் டீச்சர். இந்தப் பக்கம் நாங்கள் மூவர், நடுவில் யது.

"புள்ள கெட்டிக்காரிதான்" என்று டீச்சர் ஆரம்பித்தார். "கணக்கு செய்ற. கொப்பி நல்ல துப்பரவு. வாசிப்பு மட்டும் ஒண்டும் வருதில்ல. இப்பயே அடிப்படையில இரிந்து எடுக்காட்டி, மேல போகப் போகக் கஷ்டப்படும். எனக்கும் புள்ளயப் பார்க்க பாவமா ஈக்கி." சொல்லிக்கொண்டே வாசிப்புப் புத்தகத்தைத் திறந்து யதுவுக்கு நேராக வைத்தார். "எங்க மகள், அம்மாக்கும் பெரியம்மாக்கும் ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க பாப்பம்."

யது புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு விரலால் அதன் மூலையைத் தொட்டு, மெதுவாக... திருப்பப் பார்த்தாள்.

மூன்று கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. டீச்சர் கை, ஜெயா கை, என் கை. புத்தகம் நேராக வைக்கப்பட்டது. "சேட்ட பண்ணாத யது" என்று ஜெயா பல்லைக் கடித்தாள். யது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு சத்தம் வர வேண்டுமே!

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். பேசினேன் என்றால்... பொழிந்தேன். பிள்ளைகளின் மூளை வாசிக்கப் பழகும்போது என்ன செய்கிறது, கண் பார்ப்பதும் காது கேட்பதும் எங்கே போய்க் கைகோத்துக்கொள்கின்றன, அந்தக் கைகோப்பு நடக்காத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோலமாகத்தான் தெரியும் – இப்படிப் பத்து நிமிஷம். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"மெடம் டொக்டரா?"

"இல்ல... பேப்பர்ல வாராவாரம் எழுதுறேன்."

"ஆ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு எழுத்தில் எல்லாம் இருந்தது.

பிறகு டீச்சர் மேசை லாச்சியைத் திறந்து, நீளமான ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறிப்பு எழுதுகிற கொப்பி. எங்களைச் சங்கடமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஜெயா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே மைதானத்தில் இடைவேளைக்குப் போன பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

அப்போது, எனக்கும் ஜெயாவுக்கும் நடுவிலிருந்து, பல் இல்லாத வாயிலிருந்து, ஒரு குரல் வந்தது. மெதுவாக. சொல் சொல்லாக.

"யதுஷா... வாசிக்க... தெரியாது... தரம்... ஒன்றுடன்..."

பேனை நின்றது. குரலும் நின்றது.

மூன்று பேரும் யதுவைப் பார்த்தோம். யது எங்களைப் பார்க்கவில்லை. டீச்சரின் பேனை முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஒனக்கு யாரு சொன்ன?" என்றார் டீச்சர்.

"ஒருத்தரும் சொல்லல. நீங்கதானே டீச்சர் எழுதுறீங்க?" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அத எழுதாதீங்க டீச்சர்."

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கொப்பியை நகர்த்தவில்லை, திருப்பவில்லை. அப்படியே தன் பக்கமாக வைத்துக்கொண்டு, மேலே இருந்த இன்னொரு வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன, சொல்லுங்க மகள்?"

யது மூக்கை உறிஞ்சினாள். எட்டிப் பார்த்தாள். "பிரவீன்... கதை அதிகம்... பல்... தீட்டுவதில்லை."

"அல்லாஹ்!" டீச்சர் இரண்டு கையாலும் பக்கத்தைப் பொத்தினார். "போதும் போதும்! மத்தப் புள்ளகள்ற ரகசியம் எல்லாம் வெளிய வரப் போவுது!"

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. டீச்சராகத்தான் இருக்க வேண்டும். பிறகு நான். பிறகு அழுதுகொண்டே ஜெயா. டீச்சர் வாசிப்புப் புத்தகத்தை எடுத்து யதுவுக்கு முன்னால் வைத்தார். இந்த முறை தலைகீழாக!

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. மடமடவென்று மாட்டுப் பக்கம் முடிந்தது. அடுத்தது கிளிப் பக்கம். அதற்கடுத்தது மழைப் பக்கம். இத்தனை நாளாக அந்த நான்கு வரியில் என்னதான் எழுதியிருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல. "மாடு புல் தின்னுதாம். அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். சுகந்தி வீட்டுச் சண்டையோடு ஒப்பிட்டால் உப்புச்சப்பில்லாத கதைதான்.

நாங்கள் மூவரும் மேசையில் கவிழ்ந்து, கழுத்தைத் திருகி, தலைகீழ்ப் புத்தகத்தில் அவளோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்துத் தடுமாறினோம். அந்த நேரம் பார்த்து அதிபர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர்... புத்தகம் தலைகீழா இருக்கே?"

"ஓ சேர். இப்பதான் சரியா ஈக்கி."

அதிபர் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

முதலில் விளங்கிக்கொண்டவள் ஜெயாதான். "ஐயோ அக்கா... அந்த ஸ்டூல்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

யதுவுக்கு மூன்று வயதானதிலிருந்து பின்னேரம் முழுக்க அவளுக்கு வீடு அந்தக் கடைதான். கவுண்டருக்கு உள்பக்கம் ஃபோட்டோ கொப்பி மெஷினின் சூடு, கால் தடுக்கும் வயர்கள். அதனால் ஜெயா அவளை வெளிப்பக்கம், போம் எழுத வருகிறவர்களுக்குப் பக்கத்தில், ஓர் உயர ஸ்டூலில் உட்கார்த்தி வைப்பாள். ஜெயாவுக்கு இன்னொரு பழக்கம். போம் நிரப்பும்போது ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். "நான் என்னா எழுதுறேன்னு அவங்களுக்குக் கேக்கணும்ல? அவங்க வாழ்க்கையில்ல அது" என்பாள். முழுப்... பெயர்... நிரந்தர... விலாசம்... பேனை போகிற வேகத்திலேயே வாயும் போகும்.

அம்மாவின் பேனை முனையில் கண். அம்மாவின் வாயில் காது. தினமும் மூன்று நான்கு மணி நேரம், நான்கு வருஷம்! எந்த டியூஷனில் கிடைக்கும் இப்படி ஒரு படிப்பு? கண்ணும் காதும் கைகோக்க வேண்டும் என்று நான் பத்து நிமிஷம் முழங்கினேனே, அது அந்தக் கவுண்டரில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. ஒரே ஒரு சிக்கல், அவள் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கம். அவள் அறிந்த எழுத்து எல்லாம் தலைகீழாகத்தான் அவளிடம் வந்தது. பள்ளிக்கூடம் அதே எழுத்தை நிமிர்த்திக் காட்டியபோது, அவளுக்கு அது ஏதோ அந்நியப் பாஷையாகத் தெரிந்திருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதினாளே என்கிறீர்களா? கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போலத்தான் எழுதியிருக்கிறாள்.

உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசிக்க யோசிக்க, பிள்ளையின் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஒரு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடி இடப்பக்கம் இருந்தாலும் கோப்பை. வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை. கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் கோப்பைதான். கலஹாவைப் பார்த்து நிற்கிற மாடும் பேராதனையைப் பார்த்து நிற்கிற மாடும் ஒரே மாடுதான். உலகத்திலுள்ள எந்தப் பொருளும் திரும்பி நின்றால் பெயர் மாறுவதில்லை என்பதைப் பிள்ளைகள் தவழும் வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு அது. ஐந்து வயதில் நாம் போய், 'அதெல்லாம் மாட்டுக்குச் சரி, எழுத்துக்கு ஆகாது, எழுத்து இந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும்' என்கிறோம். கண்டுபிடித்ததை மறக்கச் சொல்கிறோம். அதையும் அந்தப் பிஞ்சுகள் சிரித்துக்கொண்டே செய்துவிடுகின்றன. நாமும் ஒரு காலத்தில் செய்தவர்கள்தான், ஒருவருக்கும் ஞாபகமில்லை.

யது இந்த நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டவள்தான். எழுத்து ஒரு பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்பதில்தான் எங்களுக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு.

வெட்கமாக இருந்தது எனக்கு. அந்தப் பிள்ளை எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள்! மட்டையைத் திருப்பி ஒட்டினாள், அதட்டினேன். புத்தகத்தைத் திருப்பினாள், பிடுங்கி நேராக வைத்தேன். 'இப்பத்தான் நல்லா இருக்கு' என்று வாய்விட்டே சொன்னாள். அதற்கு மேல் ஒரு ஏழு வயது எப்படி விளங்கப்படுத்தும்? எழுத்தை வாசிக்கத் தெரியாதவள் என்று அவளைச் சொல்லிக்கொண்டிருந்த நான், அவளை வாசிக்கத் தெரியாமல் ஒரு வாரம் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு மனிதர் யோசனையில் ஆழ்ந்தார்.

"அப்போ அந்த 'அலுமாரி'... வாசிச்சுப் பாத்துத்தான் என் முதுகுல ஒட்டியிருக்கா?"

அன்றிலிருந்து மனிதர் ராத்திரியில் ஒரு ரொட்டி குறைத்துச் சாப்பிடுகிறார்.

திரும்ப வகுப்பறைக்கு வாருங்கள். இனி என்ன செய்வது என்று ஜெயா கலங்கினாள். டீச்சர் கலங்கவே இல்லை.

"நான் சின்னத்துல காலைல ஸ்கூல்ல தமிழ இடப்பக்கத்துல இரிந்து வாசிச்ச. பின்னேரம் மத்ரசாவுல அரபிய வலப்பக்கத்துல இரிந்து ஓதின. ஒரு கிழம ரெண்டும் கொழம்பிச்சி, பொறகு கண்ணே பழகிட்டு. புள்ளகள்ற கண்ணு லேசுல பழகும்." அப்படியே புத்தகத்தைக் கொஞ்சம், ஒரு விரற்கடை அளவு, சாய்த்தார். "இப்ப வாசிங்க மகள்."

வாசித்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கொஞ்சம் தயங்கி, வாசித்தாள். இன்னும் கொஞ்சம்... புத்தகம் குறுக்குவாட்டில் வந்ததும் யதுவின் கழுத்து தானாகச் சாய்ந்தது. எங்கள் மூவரின் கழுத்தும் கூடவே சாய்ந்தது. "இண்டைக்கு இவ்வளவு போதும்" என்றார் டீச்சர். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதாக ஏற்பாடு. கடை ஸ்டூலை உள்பக்கம், அம்மாவுக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்றும் சொன்னார்.

"உள்ள வயர் இருக்கு டீச்சர். அம்மா வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் யது.

"வயர நான் இன்னைக்கே சுத்தி வைக்கிறேன்டி தங்கம்" என்று ஜெயா அவளைக் கட்டிக்கொண்டாள். கல்யாண வீட்டுச் சேலை முழுக்கக் கண்ணீர், மூக்குநீர். கவலைப்பட யாருக்கு நேரம்?

நேற்று ராத்திரி ஜெயாவின் போன். புத்தகம் குறுக்குவாட்டைத் தாண்டி நன்றாகவே நிமிர்ந்துவிட்டதாம். பிள்ளை இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்கிறாளாம். பிஸ்கட் பைக்கெட், கலண்டர், பஸ் போர்ட், பக்கத்துக் கடை அறிவித்தல். "வாய மூடச் சொன்னாலும் மூட மாட்டேங்குறாக்கா" என்று ஜெயா சலித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமான சலிப்பை நான் இதுவரை கேட்டதில்லை.

சரி, ஒன்றாம் வகுப்பு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள்தானே?

நாங்கள் எழுந்து புறப்பட்டபோது யது மட்டும் எழவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "வாடி" என்று ஜெயா இழுத்தாள். அசையவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தோம். சீ.ஆர். கொப்பி. அதில் அந்த வரி அப்படியே இருந்தது.

டீச்சருக்கு விளங்கிவிட்டது. உட்கார்ந்தார். பேனையைத் திறந்தார். அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு, அதற்கு மேல் இன்னொரு கோடு போட்டு அடித்தார். கீழே புதிதாக எழுதத் தொடங்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து குரலும் கூடவே கிளம்பியது.

"யதுஷா... தரம்... இரண்டில்... இருப்பாள்... யதுஷா... நல்லா... வாசிப்பாள்."

டீச்சரின் பேனை பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இன்னும் 'நல்லா'ண்டு எழுதவே இல்லயே மகள்?"

"நீங்க மெதுவா எழுதுங்க டீச்சர். நான் முன்னாலயே வாசிச்சுட்டேன்."